கூண்டுக்குள் பாம்புக்கு ஒளிந்துகொள்ள எத்தனை இடம் வேண்டும்? ஒன்று போதாதா?

ஹாரோமீனா:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். மகன் ரொம்ப நாளாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் வீட்டுக்கு ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பு ஒன்று வந்திருக்கிறது. ஆண். ஒரு வயது இருக்கும், எடை 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. கூண்டு மரத்தால் ஆனது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், முன்பக்கம் கண்ணாடிக் கதவு. சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 டிகிரி காட்டுகிறது.

வந்ததிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கூண்டோடு கடையில் கொடுத்தது பாதியாகப் பிளந்த மரத்துண்டு ஒன்று, இரண்டு முனையும் திறந்திருக்கும். அதை நடுவில் வைத்திருக்கிறோம். அதற்குள் இவன் போவதே இல்லை. குளிர்ந்த பக்கத்து மூலையில், தண்ணீர்க் கிண்ணத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டு கிடக்கிறான்.

இன்னொரு மறைவிடம் வாங்கலாமா என்று கடையில் கேட்டேன். "ஒளிய இடம் நிறையக் கொடுத்தால் பாம்பு ஆளோடு பழகாது, ஒன்றே போதும்" என்றார்கள். மகனுக்கும் பாம்பை வெளியே பார்க்கத்தான் ஆசை. ஆனால் அந்த இடுக்கில் அவன் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்று போதுமா? போதாது என்றால் எத்தனை, எவ்வளவு பெரியது, எங்கே வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

புற்றுவாசி:

மீனா அக்கா, நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் தலையைச் செருகுகிறான் என்றால், கூண்டில் அவன் கண்டுபிடித்த ஒரே மறைவிடம் அதுதான். நடுவில் இருக்கும் மரத்துண்டை அவன் மறைவிடமாகவே எண்ணவில்லை. இரண்டு பக்கமும் வெளிச்சம், மேலே உயரம், உடம்பில் எதுவும் படாது. அவனைப் பொறுத்தவரை அது ஒரு பாலத்தின் அடிப்பகுதி, அவ்வளவுதான்.

இந்தப் பாம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். ஆப்பிரிக்காவில், மேற்கே செனகலில் தொடங்கிக் கிழக்கே உகாண்டா வரை, புல்வெளியும் விளைநிலமும் கலந்த பகுதிகள். பகல் முழுக்க எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கிடக்கும், இருட்டிய பிறகு வெளியே வரும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நம் ஊரில் சொல்வோமே, கானாவிலும் டோகோவிலும் இது அப்படியே நடக்கிறது. பருந்து, கீரி, பெரிய நாகம் என்று இதைத் தின்ன ஆள் நிறைய. பயந்தால் ஓடுகிற ரகமும் இல்லை. தலையை நடுவில் வைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அமெரிக்காவில் பால் பைத்தான் (ball, அதாவது பந்து) என்று சொல்வது இதனால்தான்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடி இருட்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. பாதுகாப்பாக இருக்கிறோமா என்பதை அது பெரும்பாலும் உடம்பில் படுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. முதுகில் கூரை உரச வேண்டும், இரண்டு பக்கமும் சுவர் அணைய வேண்டும், வாசல் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அப்போதுதான் இறுக்கம் தளர்ந்து கிடக்கும்.

இனி உங்கள் கேள்வி. குறைந்தது இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், "சூடு வேண்டுமா, பத்திரமாக இருக்க வேண்டுமா" என்று பாம்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். பயந்த பாம்பு எப்போதும் பத்திரத்தைத்தான் எடுக்கும். உங்கள் பையன் 25 டிகிரி மூலையில் கிடப்பது அங்கே அவனுக்குப் பிடித்திருப்பதால் அல்ல, மறைவு அங்கேதான் இருக்கிறது. உடம்பில் சூடு ஏறாமல் இரை செரிக்காது. அந்த நிலையில் இரையைத் தொட மாட்டான், தொட்டாலும் கக்கிவிட வாய்ப்பு உண்டு. சாப்பிடாததற்கு இதுவே முதல் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அளவு: அவன் சுருண்டு படுத்தால் உள்ளே ஏறக்குறைய நிரம்பிவிட வேண்டும். 400 கிராம் பாம்புக்கு ஒரு சாண் அகலம் போதும், உயரம் நாலு விரல். "வளர்ந்துவிடுவானே" என்று பெரியதாக வாங்காதீர்கள். வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். வாசல், இரை தின்று வயிறு புடைத்த நிலையிலும் உரசாமல் நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும்.

"ஒளிய இடம் கொடுத்தால் பழகாது" என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நிம்மதியாகத் தூங்கி எழுந்த பாம்புதான் கையில் எடுத்தால் நாக்கை நீட்டி நிதானமாக ஊர்கிறது. நாள் முழுக்கப் பயத்தில் கிடந்ததை எடுத்தால் உருண்டையாகிவிடும், இல்லையென்றால் கடிக்கும். வெளியே பார்க்க வேண்டும் என்ற மகனின் ஆசைக்கும் இதுதான் வழி. அறை விளக்கை அணைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் ஓசையில்லாமல் உட்காரச் சொல்லுங்கள். பத்திரமான வளை இருக்கிற பாம்பு தைரியமாக வெளியே வரும்.

ஒன்றை மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள். கிண்ணத்தை ஒட்டியே கிடக்கும் பாம்புக்கு உண்ணித் தொல்லையும் இருக்கலாம். கண்ணைச் சுற்றியும் தாடைக்குக் கீழேயும் கசகசா மாதிரி கரும்புள்ளிகள் நகர்கின்றனவா, கிண்ணத்துத் தண்ணீரில் அவை செத்து மிதக்கின்றனவா என்று பாருங்கள்.

---

டொரண்டோகரன்:

அக்கா, புதுசு வாங்கி வரும்வரைக்கும் பிள்ளையை அந்த இடுக்கில விட வேண்டாம். வீட்டில சப்பாத்து (ஷூ) பெட்டி இருக்கும்தானே? சிறுசாகப் பார்த்து எடுத்து, ஒரு பக்கத்தில வாசல் வெட்டி, கவிழ்த்து வையுங்கோ. டிஷ்யூ பெட்டியும் நல்லது. ஊத்தையானால் எறிந்துவிட்டு வேற வைக்கலாம். ஆனால் ஹீட் பல்புக்கு நேர் கீழே அட்டையை வைக்காதேங்கோ, தீப்பிடிக்கும்.

இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மறைவிடம் வையுங்கோ. ஒரே அச்சு, ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்று இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால், வெப்பம் எப்படி இருந்தாலும் இறுக்கமானதிலேயே போய்க் கிடக்கும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால்தான் சூடு வேண்டும்போது சூட்டுக்கும் குளிர் வேண்டும்போது குளிருக்கும் மாறும். என்னட்ட இருக்கிற இரண்டு பால் பைத்தானிலயும் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறன்.

---

ராக்ஜோ:

மாற்றுக் கருத்து ஒன்றையும் வைத்துவிடுகிறேன். நான் பல வருடமாக ராயல் பைத்தான் குஞ்சு பொரிக்க வைக்கிறேன். அடுக்கு ராக்கில், இழுப்பறை மாதிரியான பிளாஸ்டிக் டப்பாக்களில்தான் வைத்திருக்கிறேன். உள்ளே தண்ணீர்க் கிண்ணம், கீழே காகிதம், வேறொன்றும் கிடையாது. எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகின்றன, முட்டையிடுகின்றன. பெரிய கூண்டில் சாப்பிடாமல் அடம்பிடித்த பாம்பை டப்பாவுக்கு மாற்றியதும் அடுத்த முறையே எலியைப் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். 4 அடிக் கூண்டு ஒரு வயதுப் பாம்புக்குப் பெரியது. சின்ன இடத்தில் வையுங்கள், தானாகச் சாப்பிடும். மறைவிடம், இலை, கொடி இதெல்லாம் நம் கண்ணுக்குத்தான் அழகு.

---

புற்றுவாசி:

ஜோ, நீங்கள் பார்த்தது உண்மைதான். டப்பாவுக்கு மாறியதும் சாப்பிட்ட பாம்புகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏன் சாப்பிட்டது? அந்த டப்பா இருட்டு, தாழ்வான கூரை, நாலு பக்கமும் சுவர். மொத்த டப்பாவுமே ஒரு மறைவிடம். அதாவது உங்கள் அனுபவமும் மறைவு வேண்டும் என்பதைத்தான் காட்டுகிறது. நான் கேட்பது இதுதான்: அந்த வளைக்கு ஒரு வெளிப்புறம் வேண்டாமா? காட்டில் அது புற்றுக்குள்ளேயே ஆயுளைக் கழிப்பதில்லை. இரவில் நெடுந்தூரம் ஊர்கிறது. நைஜீரியாவில் நடந்த ஆய்வில், ஆண் பாம்புகள் மரமேறிப் பறவைகளை அதிகம் தின்பதும், பெண் பாம்புகள் தரையில் எலி போன்றவற்றை அதிகம் தின்பதும் தெரிய வந்தது. மரமேறுகிற பிராணியை ஒரு சாண் உயர டப்பாவில் வாழ்நாள் முழுக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதற்கு ஆயுள் 20, 30 வருடம்.

2021-ல் ஜெர்மனியில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. இதே ராயல் பைத்தான்களை ராக்கிலும், மறைவிடமும் ஏறக் கிளையும் உள்ள கூண்டிலும் வைத்து நடத்தையை ஒப்பிட்டார்கள். கூண்டில் இருந்தபோது ஏறுவது, நீட்டி ஊர்வது போன்ற இயல்பான செயல்கள் தெரிந்தன. ராக்கில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் கோளாறு நடத்தைகள் தெரிந்தன. இங்கே பிரிட்டனில் 2006-ம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், பொருத்தமான சூழல் வேண்டும், இயல்பான நடத்தைக்கு இடம் வேண்டும் என்று சொல்கிறது. பாம்புக்கும் அது பொருந்தும்.

"பெரிய கூண்டில் சாப்பிடாது" என்பது பெரும்பாலும் "வெறுமையான பெரிய கூண்டில் சாப்பிடாது" என்பதுதான். மீனா அக்கா, கூண்டைச் சிறியதாக்க வேண்டாம், நிரப்புங்கள். இரண்டு மறைவிடத்துக்கும் நடுவே கார்க் பட்டை, பிளாஸ்டிக் இலைக் கொத்து, உலர்ந்த இலைச் சருகு. ஒரு மறைவிடத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திறந்த வெளியைக் கடக்க வேண்டியதே இருக்கக் கூடாது.

---

ராக்ஜோ:

வெறுமையான கூண்டுதான் பிரச்சினை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். புதிதாக வளர்ப்பவர்கள் பலர் கூண்டை மீன்தொட்டி மாதிரி காலியாக வைக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் டப்பா என்கிறேன். ராக் விஷயத்தில் நமக்குள் வேறுபாடு இருக்கட்டும். மீனா, ஒன்று மட்டும்: மறைவிடத்தை மாற்றியதும் உடனே இரையை நீட்டாதீர்கள். ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட்டு, பிறகு கொடுங்கள். உறைந்த எலியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மெதுவாக உருக்கி, கடைசியில் சுடுநீரில் காட்டி வெதுவெதுப்பாக்கி, மறைவிட வாசலில் இடுக்கியால் பிடித்துக் காட்டுங்கள். உதட்டில் இருக்கும் குழிகளால் சூட்டை உணர்ந்துதான் இது பாயும்.

---

கிளாஸ்கோதமிழச்சி:

என்னிடம் இருப்பது கார்ன் பாம்பு, அதனால் கொஞ்சம் வேறு கோணம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு இது. காய்ந்த மரத்தின் உரிந்த பட்டைக்கு அடியிலும் எலி வளைகளிலும் கிடக்கும். இதற்கு மேலே கூரை போட்டால் மட்டும் போதாது, தோண்டவும் வேண்டும். கீழே பரப்பும் ஆஸ்பென் மரச்சீவலை ஒரு விரல் உயரத்துக்கு அல்ல, அரைச் சாண் உயரத்துக்குப் போட்டுப் பாருங்கள். மறுநாளே உள்ளே சுரங்கம் போட்டிருக்கும். சுரங்கத்தின் மேற்பக்கம் இடியாமல் நிற்பதையும், வாசலில் மூக்கு மட்டும் எட்டிப் பார்ப்பதையும் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஆஸ்பென் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், கிண்ணத்தைச் சுற்றி அடிக்கடி பார்க்க வேண்டும். சீடார், பைன் மரச்சீவல் வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

இன்னொரு யோசனை: உயரத்திலும் மறைவிடம் வைக்கலாம். குழல் மாதிரி கார்க் பட்டையைக் குறுக்கே உறுதியாகக் கட்டிவிட்டால் பகலில் அதற்குள்ளேயே தூங்கும். என்னுடையது கீழே இருக்கும் விலையுயர்ந்த பிசின் குகையை விட்டுவிட்டு அந்தக் குழலில்தான் கிடக்கிறது.

---

செவிலிவாணி:

நான் டொரண்டோவில் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மறைவிடத்தை வீட்டிலேயே செய்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

முதலில் ஒட்டும் டேப். கூண்டுக்குள் எங்கேயுமே வேண்டாம். அட்டைப்பெட்டியைச் சேர்க்க ஒட்டுவார்கள், தெர்மாமீட்டர் வயரைச் சுவரில் பிடிக்க ஒட்டுவார்கள். சூட்டில் ஓரம் பிரியும், பாம்பு அதன் கீழே மூக்கை நுழைக்கும், ஒட்டிக்கொண்டதும் விடுவிக்கப் புரளும், புரளப் புரள இன்னும் சுற்றிக்கொள்ளும். எங்களிடம் கொண்டுவந்த ஓர் இளம் பாம்பின் தாடைக்குக் கீழே டேப்போடு செதில் உரிந்து சிவந்த சதை தெரிந்தது. வீட்டில் அவசரப்பட்டு இழுத்திருக்கிறார்கள். இப்படி நேர்ந்தால் இழுக்கவே கூடாது. சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு டேப்பின் ஓரத்தில் ஊறவிட்டு, பசை இளகிய பிறகு வாலை நோக்கி, அதாவது செதில் படிந்திருக்கும் திசையில், மெதுவாக எடுக்க வேண்டும். முடியாது என்று தோன்றினால் அப்படியே மருத்துவரிடம் வாருங்கள்.

அடுத்தது மண்தொட்டி. பூச்செடித் தொட்டியைப் படுக்கப் போட்டால் அருமையான குகை. ஆனால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும். தலை நுழையும், கழுத்து நுழையும், தடித்த நடு உடம்பு மாட்டிக்கொள்ளும். பின்னால் இழுத்தால் செதில் எதிர்த்திசையில் நிமிர்ந்து இன்னும் இறுகும். அந்த ஓட்டையை முழுக்க அடைத்துவிடுங்கள், அல்லது உடம்பு தாராளமாகப் போய் வரும் அளவுக்குப் பெரிதாக்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். இதே விதி எந்த மறைவிடத்தில் இருக்கும் எந்த ஓட்டைக்கும் பொருந்தும்.

கல்லை அடுக்கிக் குகை கட்டுபவர்கள், கல்லை மண்ணின் மேல் வைக்காமல் கூண்டின் தரையிலேயே உட்கார வையுங்கள், அதற்குப் பிறகு சுற்றிலும் மண் போடுங்கள். மேலே வைத்தால் பாம்பு அடியில் தோண்டும், கல் சரிந்து அதன்மேல் விழும்.

பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டினால் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலில் உரசினால் அதன் வயிற்றையும் கிழிக்கும். உப்புத்தாள் போதும். சூடாகும் செயற்கைக் கல்லை மறைவிடத்துக்குள் வைக்கவே வேண்டாம். பாம்பு வயிறு வெந்தாலும் உடனே நகராமல் கிடக்கும், அந்தத் தீப்புண் ஆற மாதக்கணக்காகும்.

---

ஹாரோமீனா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. உண்ணி இல்லை, வெள்ளைக் காகிதத்தால் உடம்பைத் துடைத்தும் பார்த்துவிட்டேன். கரன் தம்பி சொன்ன மாதிரி சப்பாத்துப் பெட்டி ஒன்றை உடனே குளிர்ந்த பக்கம் வைத்தோம். அன்று இரவே உள்ளே போய்விட்டான். இப்போது கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிட்டோம். நடுவில் கார்க் பட்டை, செயற்கை இலை. பழைய மரத்துண்டை எறியவில்லை, மகன் அதை இலைகளுக்கு அடியில் சுரங்கப் பாதை மாதிரி வைத்திருக்கிறான்.

அடுத்த கேள்வி. இரண்டு நாளாக நிறம் மங்கலாக இருக்கிறது, கண் பால் பூத்த மாதிரி நீலம் கலந்த வெள்ளை. சட்டை உரிக்கப் போகிறான் என்று நினைக்கிறேன். இதற்குத் தனியாக ஈரமான மறைவிடம் வேண்டும் என்று ஓரிடத்தில் படித்தேன். வேண்டுமா?

---

செவிலிவாணி:

ஆமாம், சட்டைதான். இந்த நாட்களில் அவனுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் இன்னும் அதிகமாக ஒளிந்துகொள்வான். கையில் எடுக்காதீர்கள், இரையும் வேண்டாம்.

கூண்டின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தனி ஈர மறைவிடம் இல்லாமலே பெரும்பாலும் ஒரே துண்டாக உரித்துவிடுவான். ஆனால் லண்டன் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும், அதனால் ஒன்று வைப்பது நல்லது. மூடியுள்ள டப்பா, பக்கவாட்டில் வாசல், உள்ளே ஸ்பாக்னம் பாசியை நனைத்து, கையால் பிழிந்து, தண்ணீர் சொட்டாத அளவில் பரப்புங்கள். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் வையுங்கள். குளிர்ந்த ஈரத்தில் நாள்கணக்காகக் கிடந்தால் நெஞ்சுச் சளி பிடிக்கும், வயிற்றுச் செதிலும் புண்ணாகும். உரித்த பிறகு எடுத்துவிட்டு, அடுத்த முறை கண் மங்கும்போது புதுப் பாசியோடு வைக்கலாம்.

உரித்த சட்டையை எறிவதற்கு முன் விரித்துப் பாருங்கள். தலைப்பகுதியில் இரண்டு கண் மூடியும் (கண்ணின் மேல் கண்ணாடி போல் இருக்கும் செதில்) வட்டமாகத் தெரிய வேண்டும். வால் நுனி முழுதாக வந்திருக்க வேண்டும். வால் நுனியில் பழைய தோல் வளையமாகத் தங்கினால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும். கண் மூடி தங்கியிருந்தால் நீங்களே நகத்தால் பெயர்க்க வேண்டாம்.

---

டொரண்டோகரன்:

பாசிக்குப் பதிலாகத் தும்புத்தூளும் பாவிக்கலாம் அக்கா. செல்லப்பிராணிக் கடையில செங்கல் மாதிரிக் கட்டியாக விற்பார்கள், வாளித் தண்ணீரில போட்டால் ஊதி எழும்பும். நான் வாங்கிற கட்டியில இலங்கையில் செய்தது என்று போட்டிருக்கு. ஊரில் தேங்காய் மட்டையில கயிறு திரித்த பிறகு குவிந்து கிடக்கிற அதே தூள்தான். ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சையும் லேசில வராது. குஞ்சுப் பாம்புக்குப் பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் மறைவிடமும் ஆயிற்று, வாசல் வெட்டின ஓரத்தை மட்டும் நல்லாத் தேய்த்துவிட வேணும்.

---

கொங்குநாடன்:

கோவையில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே இதுபோல வளர்க்க முடியுமா? நண்பன் ஒருவன் மண்ணுளிப் பாம்பு கிடைக்கும், அதற்குச் சட்டமெல்லாம் இல்லை என்கிறான்.

---

மாமல்லைமணி:

தம்பி, நண்பர் சொல்வது தவறு. மண்ணுளிப் பாம்பும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. மலைப்பாம்பு, நாகம், சாரை எதையும் வீட்டில் வைக்க முடியாது, வைத்தால் வழக்கு வரும். மண்ணுளிக்கு ஏதோ சக்தி இருப்பதாகக் கதை கட்டி அதைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம். ராயல் பைத்தான் மாதிரி வெளிநாட்டு இனங்கள், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் இருப்பவை. அவற்றை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடைத்துக் கடத்தி வந்து பிடிபடும் பாம்புகளில் இந்த ராயல் பைத்தான் அடிக்கடி இருக்கிறது. அப்படி வந்ததை யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் தொடாதீர்கள்.

மறைவிடம் பற்றிய பேச்சு என்பதால் ஒன்று சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-ல் தொடங்கியது. விஷமுறிவு மருந்துக்காக நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து விஷம் எடுத்து, சில வாரங்களில் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சில வாரமும் பாம்பு இருப்பது மண்பானையில். அடியில் மணல், வாய்க்கு மேல் துணிக்கட்டு. உள்ளே இருட்டு, வெளியே வெயில் கொளுத்தினாலும் பானை குளிர்ச்சி, உருண்டையான சுவர் உடம்போடு அணையும். துணியை அவிழ்த்துப் பார்க்கும்போது நாகம் படம் எடுக்காமல் அடியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் போக்கு தெரிந்தவர்கள் தேர்ந்தெடுத்த பாத்திரம் அது.

---

புற்றுவாசி:

மணி ஐயா, அருமையான தகவல். மண்பானையின் குளிர்ச்சியைக் கேட்டதும் இதையும் சொல்லத் தோன்றுகிறது: மறைவிடத்தின் உள்ளே என்ன வெப்பம் என்பதை வெளியே தொங்கும் தெர்மாமீட்டர் சொல்லாது. மீனா அக்கா, சூடான பக்கத்து மறைவிடத்துக்குள் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் வயர் முனையை விட்டுப் பார்த்தீர்களா?

---

ஹாரோமீனா:

இப்போதுதான் பார்த்தேன், பார்த்ததும் பயந்துவிட்டேன். உள்ளே தரையில் 36 டிகிரி! சுவரில் ஒட்டிய வட்ட மீட்டர் 32 என்றுதான் காட்டுகிறது. கீழே ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) இருக்கிறது, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டின் சூட்டை அளக்கும் முனை கூண்டுச் சுவரில், நடு உயரத்தில் தொங்குகிறது.

---

புற்றுவாசி:

அதுதான் காரணம். முனை காற்றின் சூட்டை அளக்கிறது, காற்று 32 ஆகும்வரை மேட் கொதித்துக்கொண்டே இருக்கும். மறைவிடம் மேட்டின் மேல் உட்காரும்போது சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். முனையை மேட்டின் மேல், மறைவிடத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து, பாம்பு தள்ளிவிடாதபடி வயரை உறுதியாகக் கட்டுங்கள், டேப் வேண்டாம். பாம்பு படுக்கும் தரையில் 31, 32 வரும்வரை தெர்மோஸ்டாட்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மாற்றிய பிறகு ஒரு நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். வட்ட மீட்டரை எடுத்துவிடலாம். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் சூடான மறைவிடம் இருந்தும் பயன்படாது, மறுபடி குளிர் மூலைக்கே போயிருப்பான்.

சுத்தம் பற்றியும் கேட்க நினைப்பீர்கள். எச்சம் பட்டால் அன்றைக்கே துடையுங்கள். மற்றபடி இரண்டு மறைவிடத்தையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம். ஒன்றிலாவது அவன் வாசனை இருக்கட்டும்.

---

ஹாரோமீனா:

சட்டையை ஒரே துண்டாக உரித்துவிட்டான், இரண்டு கண் மூடியும் இருக்கின்றன, வால் நுனியும் வந்திருக்கிறது. வெப்பத்தைச் சரிசெய்ததும் சூடான பக்கத்து மறைவிடத்துக்கு மாறினான். நேற்று இரவு எலியை வாசலில் காட்டினோம். முதலில் நாக்கு மட்டும் வெளியே வந்தது. கொஞ்ச நேரம் அசைவே இல்லை. அப்புறம் ஒரே பாய்ச்சல், எலியோடு உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டான். மகன் கத்தாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒரு சந்தேகம் மட்டும். இப்போது சூடான பக்கத்திலேயே கிடக்கிறான், குளிர்ந்த பக்கத்து மறைவிடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிளை ஒன்று வைக்கலாமா என்று மகன் கேட்கிறான்.

---

புற்றுவாசி:

சாப்பிட்டதில் ரொம்ப சந்தோஷம் அக்கா! இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள். குளிர்ந்த பக்கத்து மறைவிடத்தை எடுக்க வேண்டாம். இரை செரிக்கும்வரை சூட்டில்தான் கிடப்பான், பிறகு மாறுவான். கோடையில் வீடே சூடாகும்போது அதுதான் அவனுக்கு வேண்டியிருக்கும். கிளையை அதற்கு மேலே சாய்வாக வைக்கச் சொல்லுங்கள், அசையாமல் இறுக்கமாக, ஆனால் மறைவிடத்தின் மேல் பாரம் விழாமல். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

---

ஹாரோமீனா:

சரி, அப்படியே செய்கிறோம். சனிக்கிழமை கிளை வாங்கப் போகிறோம். வைத்ததும் படம் போடுகிறேன்.